குறைவு வல்லிபுரம்

ஊரில் அவருக்கு அந்தப் பெயர்தான். வாவிக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கிற எவனிடமாவது போய் வல்லிபுரத்தின் வீடு எது என்று கேட்டால், "எந்த வல்லிபுரம்? கோயிலடி வல்லிபுரமா, குறைவு வல்லிபுரமா?" என்று திருப்பிக் கேட்பான். வாழ்நாளெல்லாம் வெள்ளாமை செய்த மனிதர், ஒரு வருடமாவது விளைச்சல் நல்லம் என்று ஊருக்கு வாய் திறந்து சொன்னதில்லை. வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரின் நெல்லுப் பட்டறை கூரை முட்ட நிறைந்து கிடக்கும். வண்டில்கள் அச்சு முறிகிற மாதிரி நெல் ஏற்றிக்கொண்டு துறைக்கு வரும். இவர் மட்டும் தலைத் துவாயை அவிழ்த்து உதறியபடி, "எங்க, இந்த முறையும் குறைவுதான்" என்பார்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். களவு செய்கிறவன்தான் இப்படிப் பஞ்சப்பாட்டுப் பாடுவான் என்று சிலர் கதைத்தார்கள். ஊருக்கென்ன, வாய் சும்மா இருக்காது. அவருடைய பெண்சாதி கண்ணகை எப்படிச் செத்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தின இரவு அவர் அவளிடம் சொன்ன ஒரு சொல் யாருக்கும் தெரியாது. இந்தக் கதை அந்தச் சொல்லைப் பற்றியது.

வல்லிபுரம் கலியாணம் முடித்துப் போனது இலட்சுமிப்பிள்ளையின் வளவுக்கு. அந்தப் பக்கத்தில் பெண் தாய்வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேரவேண்டும். வீடு மகளுடையது, அதிகாரம் மாமியாருடையது, மாப்பிள்ளைக்கு உழைப்பு. அதில் அவனுக்குக் குறையொன்றும் இருக்கவில்லை. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் வீடு. அந்தப் பக்கம் படுவான்கரையில், மருதடி வட்டை என்கிற வயல்வெளியில், கனகசிங்கம் போடியாரின் வயல். அந்த வயலுக்கு அவன் முல்லைக்காரன். விதைக்கிற நாளிலிருந்து நெல்லை வண்டிலில் ஏற்றுகிற நாள் வரை வயல் முழுக்க அவன் பொறுப்பு. வருடத்தில் பாதி நாள் வயலோரத்து வாடியில்தான் படுக்கை.

கண்ணகைக்கு வாய் அப்படி. அவள் ஏசினால் நாலு வளவுக்குக் கேட்கும். சேற்றுக் காலோடு அடுக்களைக்குள் வந்தால் ஏச்சு, சாப்பிட்ட கோப்பையை வைத்த இடத்தில் விட்டால் ஏச்சு, ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் அதற்கும் ஏச்சு. "எனக்கு வாய்ச்ச மச்சானப் பாருங்க! மாட்டுக்கு இரிக்கிற மதி இதுக்கு இல்ல" என்று வேலிக்கு மேலால் அயலவளிடம் முறைப்பாடு வைப்பாள். அவன் சிரித்துக்கொண்டே காலைக் கழுவப் போவான். அவளுடைய ஏச்சு அவனுக்கு வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி இருந்தது.

முதல் பிள்ளை வயிற்றில் தங்கி நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் அவன் வயலால் வந்தபோது அவள் ஏசவில்லை. வேண்டுமென்றே சேற்றுக் காலோடு அடுக்களைக்குள் போய் நின்று பார்த்தான். அதற்கும் ஏசவில்லை. பானையில் சோறு கருகி மணத்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வாரி எத்தனையோ நாள் போலிருந்தது. "என்ன புள்ள, என்ன செய்யுது?" என்று தோளைத் தொட்டான். "ஒண்டும் செய்யல்ல மச்சான். எனக்கு ஒண்டும் வேணாம்" என்றாள். அந்தக் குரல் அவனுக்குப் பழக்கமில்லாத குரல். அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

இலட்சுமிப்பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. தண்ணிக்கரைப் பேய் மகளைப் பிடித்துவிட்டது. யன்னலில்லாத உள்ளறையில் அவளைக் கிடத்தி, வாசலில் வேப்பிலை சொருகி, தலைமாட்டில் இரும்பு வைத்தாள். பகலிலும் கதவு சாத்தியே இருக்கும். பூசாரியார் வந்து கழிப்புச் செய்தார். சோறும் பூவும் எடுத்து அவளைச் சுற்றி, பிடித்ததெல்லாம் இதோடு போகட்டும் என்று சந்தியில் கொண்டுபோய் எறிந்தார். சோறு போயிற்று, நாய் தின்றது. கண்ணகை சுவரைப் பார்த்தபடியேதான் கிடந்தாள். தாய் செய்தது அத்தனையும் பாசத்தில் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

வல்லிபுரம் கெஞ்சிக் கூத்தாடி அவளைத் தோணியில் ஏற்றிப் புளியந்தீவு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு அப்போதிக்கரி ஐயா நாடியும் பார்த்தார், நாக்கையும் பார்த்தார், நிறையக் கேள்வியும் கேட்டார்.

"இது காய்ச்சலுமில்ல, நோவுமில்ல" என்றார் கடைசியில். "மனசு விழுந்துபோய்க் கிடக்கு. இதுக்குக் குடுக்க எங்கிட்ட மருந்து இல்ல. இருந்தாலும் பிள்ள வயித்தில இருக்கக்குள்ள குடுக்க ஏலா. நீர் இவவச் சந்தோசமா வெச்சிரும்."

"சந்தோசமா வெச்சிரிக்கிறதெண்டா எப்படி ஐயா?"

அந்த நல்ல மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வருகிற வழியில், தோணியில் வைத்து, கண்ணகை தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லம் மச்சான். நான் தொட்டதெல்லாம் கெடுது. நான் இரிக்கிற இடத்தில ஒண்டும் விளங்காது." அவன் அவள் வாயைப் பொத்தினான். வேறு என்ன செய்ய அவனுக்குத் தெரியும்?

மாதம் ஏறி வயிறு பெருத்துக்கொண்டு வந்தபோது, ஒரு விடியற்காலை, இறால் பிடிக்கப் போன தோணிக்காரன் ஒருவன் கழுத்தளவு தண்ணீரில் அவளைக் கண்டு தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். உயிர் தப்பியது. பிள்ளை செத்துப் பிறந்தது. பிறகு மெல்ல மெல்ல, அடுத்த விதைப்பு நேரமளவில், அவள் பழையபடி ஆனாள். பேய் இறங்கிவிட்டது என்று இலட்சுமிப்பிள்ளை கோயிலுக்குப் பொங்கல் வைத்தாள். வல்லிபுரத்துக்கு மட்டும் அந்தக் கழுத்தளவுத் தண்ணீர் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் அவள் இரண்டாம் முறை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது ஊர் சிரித்து வாழ்த்த, அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு திரிந்தான். ஏசுகிறாளா? இன்றைக்கு ஏசினாளா? கார்த்திகை மழை விட்ட நேரம் ஒரு நாள் சேற்றுக் காலோடு அடுக்களைக்குள் போனான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த நாளே தாய் உள்ளறையைக் கூட்டி வேப்பிலை கட்டத் தொடங்கிவிட்டாள்.

"மாமி, நான் இவள வட்டைக்குக் கொண்டு போறன்" என்றான் வல்லிபுரம்.

"என்ன சொன்ன? வயித்துப் புள்ளக்காரியக் காட்டுக்குள்ளயா கொண்டு போகப் போற? ஆன வரும், பாம்பு கிடக்கும், ஆத்திரம் அவசரத்துக்கு ஒரு பொம்புள இல்ல. உனக்கென்ன விசரா மகன்?"

"விசர்தான் மாமி. இஞ்ச வெச்சிரிந்தாலும் எனக்கு விசர்தான் பிடிக்கும்."

வந்த மாப்பிள்ளை மாமியாரை எதிர்த்துப் பேசிய முதல் நாள் அது. சந்தோசமா வெச்சிரும் என்று சொன்னவர் எப்படி என்று சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அந்த இருட்டறைக்குள் கிடந்தால் நல்ல சீவனுக்கும் மனம் விழுந்துவிடும் என்பதுதான்.

அக்கரைத் துறையில் முத்தலிப் வண்டிலோடு நின்றான். ஏறாவூர்க்காரன், அவனுடைய வயலும் மருதடி வட்டையில்தான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவனுடைய வாய்க்கு ஓய்வு கிடையாது. "தங்கச்சி, இந்த வெள்ள மாடு இரிக்கே, எங்கட வீட்டுக்காரி ஆயிஷா உம்மாவ விட ரோசக்காரன். நேத்து ஒரு தட்டுத் தட்டினதுக்கு இண்டைக்குத் தண்ணி குடிக்காம நிக்கிறான். வீட்ட போனா அவ நிப்பா, வயலுக்கு வந்தா இவன் நிப்பான். நான் எங்க போய் ஆறுதல் தேட?" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். கண்ணகை சிரிக்கவில்லை. ஆனால் தலையைத் தூக்கி ஒருதரம் அந்த மாட்டைப் பார்த்தாள். வல்லிபுரம் அதைக் கண்டான்.

கதிர் பால் பிடிக்கிற காலம். காலையிலும் பின்னேரத்திலும் கிளி கூட்டமாக வந்து விழும். அவளைப் பரணில் ஏற்றி, கையில் ஒரு பழைய தகரமும் தடியும் கொடுத்து, "கிளி வந்தா தட்டு புள்ள" என்று சொல்லிவிட்டு வரம்பு கட்டப் போனான். கிளி வந்தது. அவள் தட்டவில்லை. அவள் கண்ணுக்கு முன்னாலேயே கதிரைக் கொத்திக் கொத்தித் தின்றது. போடியாரின் நெல், முல்லைக்காரனின் மானம். அவன் தூரத்தில் நின்று பார்த்தான். தின்றுவிட்டுப் போகட்டும் சனியன்கள் என்று குனிந்து மண்ணை வெட்டினான். அடுத்த நாளும் அப்படித்தான்.

அவளுக்கு மிகப் பொல்லாத நேரம் விடியற்காலைதான். அதை அவன் அந்த வாடியில்தான் கண்டுபிடித்தான். இருள் பிரிய முன்னமே எழும்பி, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பாள். ஒரு நாள் அவனும் எழும்பிப் பக்கத்தில் இருந்தான்.

"விடியக்க கண் முழிச்சா நெஞ்சுக்குள்ள தண்ணி நிண்ட மாதிரி இரிக்கு மச்சான். மூச்சு விட ஏலா. ஏன் விடிஞ்ச எண்டு இரிக்கு."

"அப்ப என்னையும் ஒழுப்பு. தனிய இரிக்காத. ரெண்டு பேரும் வரம்பில நடப்பம். விடிஞ்சு வெயில் வந்தாப் பிறகு அது வத்துதா இல்லையா எண்டு பாப்பம்."

அன்றிலிருந்து விடியற்காலையில் அவள் அவனுடைய காலைத் தட்டுவாள். அவன் மறுபேச்சில்லாமல் எழும்புவான். பனியில் நனைந்த வரம்பில் முன்னுக்கு அவன், பின்னுக்கு அவள். அழுகை வந்தால் அவள் அழுவாள். அவன் அழாதே என்று சொல்லமாட்டான், நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்குவான். கிழக்கே வெளிச்சம் வந்து, கொக்கு இறங்கி, முத்தலிப் தன் வாடியில் மாட்டோடு சண்டை பிடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கும்போது திரும்பி வந்து கஞ்சி குடிப்பார்கள். பேயா, நோயா என்று அவன் கேட்கவில்லை. நடந்தான்.

முதல் ஏச்சு கிளிக்குத்தான் விழுந்தது. அவன் வாய்க்காலில் நின்றபோது பரணிலிருந்து தகரம் அடிபடுகிற சத்தமும், அதற்கு மேலால், "நாசமாப் போன கிளியாரே, உன்ட அப்பன் வீட்டு நெல்லா?" என்ற சத்தமும் கேட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றான். இரண்டாவது ஏச்சு அன்று மத்தியானமே அவனுக்குக் கிடைத்தது. அவன் ஆக்கிய மீன்கறியை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதென்ன மச்சான் கறி? கடலக் கலக்கி ஊத்தி வெச்சிரிக்க. இத மனிசன் தின்னுறதா, மாடு தின்னுறதா?" என்றாள்.

உலகத்தில் ஏச்சு வாங்கி ஆனந்தக் கண்ணீர் விட்ட ஆண்பிள்ளை அவனொருவனாகத்தான் இருப்பான். வாய்க்காலைத் தாண்டி ஓடினான். "முத்தலிப்! அவள் எனக்கு ஏசித்தாள்!"

"எனக்கு ஆயிஷா உம்மா நாளாந்தம் ஏசுறா. நானென்ன ஊரக் கூட்டியா சொல்லித் திரியிறன்?" என்றான் முத்தலிப். ஆனால் அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

முழுதாகச் சுகம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சில விடியற்காலைகளில் இரண்டு தரம் வட்டையைச் சுற்றவேண்டியிருந்தது. என்றாலும் அவள் தலை வாரினாள், சோறு தின்றாள், வயிற்றில் பிள்ளை உதைக்கிறது என்று அவன் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். பெண்ணென்றால் தன்னைப் போல வாயாடியாக இருக்கவேண்டும் என்றாள். கதிர் பழுத்துச் சாய்ந்தது.

சனியன் களவெட்டியில் இருந்தது.

வெட்டிய கதிரைச் சூடு என்று குவித்து, எருமை கட்டி மிதித்து நெல்லெடுக்கிற இடம் களவெட்டி. அது சாதாரண இடமில்லை. அங்கே நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். தப்பான சொல் ஒன்று விழுந்தாலும் பூதம் பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும். பெண்பிள்ளையின் நிழலும் அங்கே விழக்கூடாது. வல்லிபுரத்தின் வாடியோ களவெட்டிக்கு ஒட்டினாற்போல இருந்தது.

கனகசிங்கம் போடியார் சூடு மிதிக்க நாள் வைக்க வந்தவர், கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. "நான் ஒண்டும் சொல்லமாட்டன் வல்லிபுரம். முல்லைக்காரன் நீ. உன்ட யோசின" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

முத்தலிப் வந்து, "நாங்க சூடு மிதிக்க இன்னும் நாள் கிடக்கு. தங்கச்சி அதுமட்டும் எங்கட வாடியில இரிக்கட்டும். ஆயிஷா உம்மாவத் துணைக்கு வரச்சொல்றன்" என்றான். நல்ல யோசனை. ஆனால் அதுவும் இந்த வட்டைதானே என்று வல்லிபுரம் மறுத்துவிட்டான். போன வருடம் பொலி மெய்யாகவே குறைந்துபோனது. யாரோ வாய் தவறியதால்தான் குறைந்தது என்று அவனும் மற்றவர்களோடு சேர்ந்து நம்பியவன். அவளை எழுவான்கரைக்குத் தாயிடம் அனுப்பியது போடியாரின் சொல்லுக்குப் பயந்து அல்ல. பூதத்துக்குப் பயந்து அனுப்பினான். அதுதான் பிறகு அவனை அரித்துத் தின்றது.

"என்னை அங்க அனுப்பாத மச்சான்" என்றாள் கண்ணகை. "களவெட்டிப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டன். வாய்க்காலுக்கு அங்கால இரிக்கிறன். விடியக்க மட்டும் நீ வந்தாக் காணும்."

"கொஞ்ச நாள்தான் புள்ள. சூடு முடிஞ்ச கையோட ஓடி வாறன்."

அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. வண்டிலில் ஏறி முத்தலிப்புக்குப் பின்னால் இருந்தாள்.

அந்த மாசியில் இல்லாத மழையெல்லாம் வந்தது. சூட்டை மூடி வைத்துக் காத்திருந்து, வெயில் கண்டு பிரித்து, பிறகும் மழை. கொஞ்ச நாள் என்றது நீண்டுகொண்டே போனது. விடியற்காலைகளில் அவனுக்குத் தானாக முழிப்பு வரும்; காலைத் தட்ட ஆளிருக்காது. ஒருதரம் ஓடிப் பார்த்துவிட்டு வருவோமா என்று நினைப்பான். சூடு தொடங்கினால் முல்லைக்காரன் களத்தை விட்டு அசையக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் நடந்தான்.

கடைசியில் வானம் வெளித்து, எருமை சுற்றி, வைக்கோல் உதறி, தூற்றிக் குவித்தபோது எல்லாரும் வேலையை விட்டு ஓடிவந்து பார்த்தார்கள். அப்படியொரு பொலி அந்த வட்டையில் யாரும் கண்டதில்லை. குவியலின் இந்தப் பக்கம் நின்றவனுக்கு அந்தப் பக்கத்து ஆள் தெரியவில்லை. போடியார் வல்லிபுரத்தைக் கட்டிப்பிடித்தார். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிலை அனுப்பிவிட்டுப் பொழுது படுகிற நேரம் தோணி ஏறினான்.

வளவுக்குள் கால் வைக்கவே பிள்ளை அழுகிற சத்தம். பெண்பிள்ளை பிறந்து இரண்டு நாளாகியிருந்தது. அவனுக்கு அறிவிக்கவில்லை. பிள்ளைப்பேற்றுத் துடக்குச் செய்தியைக் களவெட்டிக்குக் கொண்டுபோனால் பொலிக்குக் கூடாதே, அதனால் முறைப்படி இலட்சுமிப்பிள்ளை ஆளனுப்பாமல் இருந்துவிட்டாள். முறை தவறாத மனுஷி.

உள்ளறை வாசலில் வேப்பிலை. உள்ளே இருட்டில், சுவரைப் பார்த்தபடி கண்ணகை. தலை சடைபிடித்துக் கிடந்தது. பிள்ளையைத் தாய்தான் எடுத்து அவள் மார்பில் வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும், தொடங்கலாம், நாளைக்கே விடிய நடப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். இப்போதைக்கு அவளுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும். அவனிடம் இருந்த நல்ல செய்தி ஒன்றுதான்.

"கண்ணகை, இஞ்ச பார். சூடு முடிஞ்சிது. இப்படி ஒரு பொலி ஒருக்காலும் கண்டதில்ல புள்ள. போடியார் என்னக் கட்டிப்பிடிச்சிட்டார்."

அவள் மெல்லத் திரும்பினாள். எத்தனை நாளைக்குப் பிறகு திரும்பினாளோ.

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். குவியல் மலபோல."

"நான் அங்க இல்லாததாலதானே மச்சான்?"

அலுப்பு, நித்திரை, சந்தோசம் எல்லாமாக அவனுக்குப் புத்தி மழுங்கியிருந்தது. அவள் பழையபடி பகிடி பண்ணுகிறாள் என்று எண்ணிக்கொண்டான் பாவி. சிரித்தான். "ஓமோம். நீ இரிந்திருந்தா பூதம் முழுக்க அள்ளிக்கொண்டு போயிரிக்கும்" என்றான்.

கண்ணகையும் சிரித்தாள். "அப்ப நல்லம்" என்றாள். பிள்ளையின் தலையை ஒருதரம் தடவினாள். அவள் சிரித்ததைக் கண்டு அவனுக்கு நெஞ்சுக் கனம் இறங்கியது. வெளியே பாயை விரித்துப் படுத்தவன் கட்டை போலத் தூங்கினான்.

விடியற்காலையில் அவள் அவனுடைய காலைத் தட்டவில்லை. அலுத்துக் கிடக்கிறான் என்று விட்டாளோ, தட்டத் தேவையில்லை என்று நினைத்தாளோ. இந்த முறை இறால்காரன் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வெயில் ஏறியபிறகு வாவியோரத்துக் கண்டல் மரங்களுக்குள் சேலை சிக்கியிருந்ததைக் கண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். வல்லிபுரம் அழவில்லை. அவளுடைய பாதத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஆட்கள் வந்து கையைப் பிடித்து விலக்குமட்டும் தட்டினான்.

பிள்ளை பிழைத்தது. அயலவள் ஒருத்தி பால் கொடுத்தாள். சீதேவி என்று பெயர் வைத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக அவன் அதே போடியாருக்கு முல்லைக்காரனாகவே இருந்தான். விதைத்தான், காவல் காத்தான், சூடு மிதித்தான். பொலி குவிகிறபோது மட்டும் குவியலைப் பார்க்கமாட்டான். முத்தலிப் பலதரம் ஆறுதல் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு சும்மா பக்கத்தில் வந்து இருந்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டான்.

சீதேவி பேசத் தொடங்கிய வருடம், சூடு முடித்து வந்தவனின் காலைக் கட்டிக்கொண்டு, பெரியவர்கள் கேட்பதைக் கேட்டுப் பழகியவள், "அப்பா, பொலி எப்படி?" என்று மழலையில் கேட்டாள். முற்றத்திலேயே மண்டியிட்டு அவளுடைய முகத்தைக் கையில் ஏந்தினான்.

"குறைஞ்சு போச்சு மகள். நீ அங்க வராததால குறைஞ்சு போச்சு."

அன்று தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் அவள் கேட்பாள், அவர் அதையே சொல்வார். ஊருக்குச் சொன்னதெல்லாம் அதன் முதல் பாதியைத்தான். மீதிப் பாதி மகளுக்கு மட்டும். அவள் வளர்ந்த பிறகு அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகியது. "இந்த முறையும் நான் வராததாலயா?" என்று அவள் சிரிப்பாள். "பின்ன?" என்பார். அவன் இவன் என்று கூப்பிட்ட ஊர் அவரை அவர் என்று கூப்பிடத் தொடங்கியதும், குறைவு என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

பெரிய உலகச் சண்டை முடிந்து, அரிசிக் கூப்பனும் கையுமாகச் சனம் திரிந்த வருடம், சீதேவிக்கு வயிற்றில் பிள்ளை. மருமகன் அழகரத்தினம் நல்ல பொடியன், வாவியில் வலை போடுகிறவன். தாயைப் போலவே அவளுக்கும் வாய். மழைக்காலத்தில் ஒரு நாள் வல்லிபுரத்தார் சேற்றுக் காலோடு அடுக்களைக்குள் போனார். மகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசவில்லை.

அவர் காலைக் கழுவப் போகவில்லை. அதிலேயே இருந்துவிட்டார்.

கூனிப்போயிருந்த இலட்சுமிப்பிள்ளை வேப்பிலையோடு வந்தபோது அவர் உள்ளறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வேணாம் மாமி. இந்தக் கதவு இனிச் சாத்தப்படாது." கிழவி அவரைப் பார்த்தாள். "எனக்கு வேற ஒண்டும் தெரியாதே மகன்" என்று அழுதாள். அவர் அந்த வேப்பங்கொப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவளையும் கைபிடித்து வெளியே வெயிலில் இருத்தினார்.

அந்த வருடம் அவர் சூட்டுக்குப் போகவில்லை. முல்லைக்காரன் இல்லாமல் சூடா என்று போடியாரின் மகன் குதித்தான். "வேற ஆளப் பாரும் தம்பி" என்றார். இருள் பிரிய முன்னம் மகளின் வாசலில் போய் நிற்பார். அழகரத்தினத்தின் தோணி திரும்பி வருகிற வரைக்கும் இருவரும் வாவிக்கரையோரம் நடப்பார்கள். எப்போதும் தண்ணீர்ப் பக்கமாக அவர் நடப்பார், கரைப் பக்கமாக அவள். சீதேவி சில நாள் அழுதாள், அதிக நாள் பேசாமலே வந்தாள். ஏசவே இல்லை. பங்குனியும் பிறந்துவிட்டது. கண்ணகையோடு வரம்பில் நடந்த காலத்தில் கிளிக்கு விழுந்த ஏச்சை நினைத்து நினைத்து அவர் நடந்தார். இதுவும் கைவிட்டுப் போகுமோ என்று ஒவ்வொரு விடியலிலும் அவருக்கு உயிர் போய் வந்தது.

ஒரு நாள் நடந்து திரும்புகிறபோது படுவான்கரையிலிருந்து வந்த நெல் வண்டில்கள் தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தன. வருகிறதும் வருகிறதும் தீரவில்லை. கிழட்டு முத்தலிப் முதல் வண்டிலில் இருந்தபடி கையை ஆட்டினான். சீதேவி நின்றாள். எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற குரலில், பழக்கத்தில் கேட்டாள்:

"பொலி எப்படியாம் அப்பா?"

"குறைஞ்சு போச்சாம் மகள்" என்றார் வல்லிபுரத்தார். "நீ அங்க போகாததால."

அவள் வண்டில்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"என்ன அப்பா இது, வெக்கமில்லாம! கண்ணுக்கு முன்னால தெரு அடைச்சுக்கொண்டு நெல்லு வருது, இந்த வயசிலயும் பொய். அதுக்குள்ள சேத்துக்காலோட வேற நிக்கிற. இதோட வீட்டுக்குள்ள வந்தியோ தெரியும்!"

வல்லிபுரத்தார் தெருவோரத்து வேலியைப் பிடித்துக்கொண்டார். கண்ணகை செத்த அன்று வராத அழுகை அத்தனையும் இப்போது வந்தது. போகிற வண்டில்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னொருக்கா ஏசு மகள்" என்றார்.